இரண்டு விரல் மாமா

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஒரு நாளும் அவர் "வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியதில்லை. "பிள்ளைங்க நிப்பாங்க" என்பார், செருப்பை மாட்டுவார், போய்விடுவார். காய்ச்சலில் கிடந்தாலும் அதே கதைதான். "ஒரு நாளைக்கு வேற ஆள் போகட்டுமே" என்று நான் சொன்னால், "அந்தப் படியோட உயரம் வேற ஆளுக்குத் தெரியாது" என்பார்.

அந்த வேனின் கீழ்ப்படி தரையிலிருந்து உயரத்தில் நிற்கும். பெரிய பிள்ளைகள் குதித்துவிடுவார்கள். பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது மாடியிலிருந்து இறங்குவது போல. அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இவர் வண்டியை அணைத்து, இறங்கி, சுற்றி வந்து, பக்கக் கதவைத் தள்ளித் திறந்து, கையை நீட்டுவார். வலது கை. அதில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் நீளும். மற்ற இரண்டும் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கும்.

வாலிபத்தில் ஒரு மெக்கானிக் கடையில் வேலை செய்தபோது ஓடுகிற என்ஜினின் பெல்ட் கையை இழுத்துவிட்டது. விரல்கள் தப்பின, நரம்பு போய்விட்டது. கடைக்காரர் இரக்கப்பட்டார், ஆனால் வைத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாரும் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் கையைப் பார்ப்பார்கள், அப்புறம் "சொல்லி அனுப்பறோம்" என்பார்கள். எங்கள் கல்யாணப் பேச்சு நடந்த நாளில் அவர் முழு நேரமும் வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் டம்ளரைக்கூட இடது கையால்தான் வாங்கினார். இவருக்கு என்னவோ பெரிய பணக்காரத் தோரணை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கையைப் பைக்குள்ளிருந்து வெளியே எடுத்தவர்கள் வேன் பிள்ளைகள்தான்.

முழுக் கையைக் கொடுத்தால் சின்னப் பிள்ளையின் கைக்குள் அது அடங்காது. இரண்டு விரல் என்றால் கச்சிதமாக அடங்கும். பிள்ளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இவர் "மெதுவா, மெதுவா, மாமா இருக்கேன்ல" என்பார். கால் தரையைத் தொட்டதும் பிள்ளை விட்டுவிட்டு ஓடும். அப்படித்தான் இரண்டு விரல் மாமா என்ற பெயர் வந்தது. வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வருவார்கள். முதல் நாள் வீல் என்று அழுதுகொண்டு வருகிற பிள்ளைகூட அந்த மடங்கிய விரல்களைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு அவற்றை நிமிர்த்தப் பார்க்கும்.

"திறக்க மாட்டேங்குது மாமா."

"அதுங்க ரெண்டும் தூங்குதுடா கண்ணு. சத்தம் போட்டா முழிச்சிக்கும். மெதுவாப் பேசணும்."

உடனே பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொள்ளும். வேனில் கூச்சல் அதிகமானால் இவர் ஓட்டிக்கொண்டே அந்தக் கையை மேலே தூக்கிக் காட்டுவார். "உஸ்ஸ்" என்று ஒரு பிள்ளை சொல்லும், அடுத்தது சொல்லும், வேன் முழுக்க அடங்கிவிடும். எங்கள் மகளுக்கும் அப்படிச் சொல்லித்தான் வளர்த்தார். அவள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகும் போனில் "அப்பா, அதுங்க ரெண்டும் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பாள்.

போன விடுமுறையில், டிவியில் ஏழரை மணிக்கு வருகிற பேய்த் தொடருக்கு ஒரு பள்ளி வேன் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். பள்ளிக்கூட மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம வேன் டிவியில் வரப்போகிறதே என்று உடனே சரி சொன்னார். வண்டியோடு இவரையும் அனுப்பினார். செத்துப்போன ஒரு டிரைவர் பேயாகி வேன் ஓட்டிக்கொண்டு வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறான் என்பது கதை. அதற்கு நடிகர் இருந்தார். ஆனால் நடிக்க வந்த சின்னப் பெண் அந்தப் படியில் நின்று இறங்கப் பயந்து அழுதிருக்கிறது. இவருக்குப் பொறுக்கவில்லை. போய் இரண்டு விரலை நீட்டி, "மெதுவா, மாமா இருக்கேன்ல" என்று இறக்கிவிட்டிருக்கிறார்.

டைரக்டர் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதையேதான் பண்ணணும். முகம் வேண்டாம், கை போதும்" என்று சொல்லிவிட்டாராம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கையை என் முன்னால் நீட்டினார். நகத்தோரம் வெள்ளைப் பூச்சு ஒட்டியிருந்தது. "பாரு, என் கைக்கு மேக்கப் போட்டுவிட்டாங்க. ஒருத்தர் விசிறிகூட விட்டாரு" என்றார். எத்தனையோ இடத்தில் ஒதுக்கித் தள்ளிய கை அது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பிள்ளைங்க பார்த்தா என்ன நினைக்கும்?" என்று கேட்டேன். "முகமே வராதே. அதுங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அந்தக் கையில் ஒரு குறை இருக்கிறது என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது. அதோடு, வேனில் பிள்ளைகள் பார்ப்பது அவர் முகத்தை அல்ல என்பதும் எங்களுக்குத் தோன்றவில்லை. போகிற வழியெல்லாம் அவர்கள் பார்ப்பது அவர் பிடரியை. இறங்கும்போது பார்ப்பது அந்த இரண்டு விரலை. முகத்தைப் பார்ப்பவர்கள் அம்மா அப்பாக்கள்தான்.

அந்தக் காட்சி வருகிற நாளில் நான் குளித்து, விளக்கு வைத்து, வேண்டிக்கொண்டேன். கடவுளே, அவர் கையைப் பார்த்து நாலு பேர் பேசணும், இத்தனை வருஷம் பட்டதுக்கு அது போதும் என்று.

மேல்வீட்டு அயர்ன்காரரும் அவர் மனைவியும் எங்கள் அறைக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் டிவி சின்னது. அயர்ன்காரர் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"அண்ணே, ஏழரை மணிக்கு ஏழரையைக் கூட்டறீங்களா?"

"கூட்டறதெல்லாம் டைரக்டருங்க. நான் கையை மட்டும்தான் குடுத்தேன்."

தொடர் ஓடியது. மழை. சாலையோரத்தில் ஒரு சின்னப் பெண் தனியாக நிற்கிறாள். எங்கள் வேன் வந்து நிற்கிறது. பக்கக் கதவு தானாகத் தள்ளித் திறக்கிறது. உள்ளே ஒரே இருட்டு. அந்த இருட்டிலிருந்து கை வருகிறது. சுண்ணாம்பு போல வெளுத்த கை. இரண்டு விரல் நீண்டு, இரண்டு விரல் மடங்கி. இவர் குரலேதான்: "மெதுவா, மெதுவா, மாமா இருக்கேன்ல." அந்தப் பெண் விரலைப் பிடித்துக்கொள்கிறாள். அப்போது மடங்கிக் கிடந்த இரண்டு விரல்களும் அசைந்தன. மெல்ல நிமிர்ந்தன. நிமிர்ந்து, நீண்டு, நகம் வளர்ந்து, அவள் மணிக்கட்டைச் சுற்றி மூடிக்கொண்டன. கதவு சாத்திக்கொண்டது. வேன் போய்விட்டது. சாலையில் ஒரு சின்னச் செருப்பு மட்டும் கிடந்தது.



அயர்ன்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணே, அசத்திட்டீங்க. இனிமே உங்ககிட்ட கை குடுக்கவே யோசிக்கணும்."

அவர் மனைவி என் தோளை இடித்தாள். "அக்கா, பக்கத்துல எப்படித்தான் தைரியமாப் படுக்கறீங்க?"

"அவர் குறட்டைக்கு எந்தப் பேயும் கிட்ட வராது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இவர் சிரிக்கவில்லை. "நான் விரலை நிமிர்த்தவே இல்லையே" என்றார். "என்னால முடியாதே. இது எப்படி?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றது அண்ணே."

"என்கிட்ட சொல்லலையே" என்றார். மடியில் கிடந்த துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டுக்கொண்டார்.

போன் விடாமல் அடித்தது. என் அண்ணன் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, எங்க தெருவே அலறுது" என்றார். வேன் பிள்ளைகளின் அம்மாக்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். வேன் கிளம்பிவிட்டது, வேன் தாமதம் என்று இவர் அதில்தான் சொல்வார். அதில் கைதட்டலும் நெருப்பும் மண்டையோடுமாகப் படங்கள் கொட்டின. "மாமா சூப்பர்." "மாமா, புல்லரிச்சிடுச்சு." இவர் ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினார். கடைசியாக எங்கள் மகள் கூப்பிட்டாள். 

"அப்பா, அதுங்களை ஏம்பா எழுப்புனீங்க?" என்றாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். ஆனால் அவள் குரல் சரியாக இல்லை. கல்யாணமாகிப் போன பெண்ணுக்கே அப்படி இருந்தால், பாலர் வகுப்புக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

மறுநாள் காலையில் என்ன நடந்தது என்பதை அவர் எனக்குச் சொல்லவில்லை. பள்ளிக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிற அம்மாதான் சொன்னார். அவருடைய பெண் வாயாடி. வீட்டிலும் வேனிலும் அவளுக்கு அதுதான் பெயர். எப்போதும் டிரைவர் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, வழி முழுவதும் இவருக்குக் கதை சொல்லிக்கொண்டு வருகிறவள் அவள்தான்.

முதல் நிறுத்தத்துப் பையன் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு வர மறுத்திருக்கிறான். அவன் அம்மா சிரித்துக்கொண்டே அதைப் போனில் படம் எடுத்திருக்கிறாள். ஏறிய பிள்ளைகளெல்லாம் பின் இருக்கையில் ஒருவர் மேல் ஒருவராக நெருங்கி உட்கார்ந்துகொண்டார்களாம். ஒரு சத்தம் இல்லையாம். பள்ளிக்கூடம் வந்ததும் இவர் வழக்கம் போலச் சுற்றி வந்து, கதவைத் தள்ளித் திறந்து, கையை நீட்டியிருக்கிறார். "மெதுவா" என்ற வார்த்தை வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், ஒரு பிள்ளை வீறிட, எல்லாப் பிள்ளைகளும் வீறிட்டிருக்கின்றன. டீச்சர்கள் ஓடிவந்து ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கினார்களாம்.

"உங்க வீட்டுக்காரர் பாவம், கையை நீட்டினபடியே நின்னாரு" என்றார் மருந்துக்கடைக்காரம்மா. "மடக்கணும்னுகூட அவருக்குத் தோணலை."

எனக்குத் தெரிந்த வழியையெல்லாம் செய்து பார்த்தேன். கம்பளிக் கையுறை ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். நானும் வேனில் ஏறிக்கொண்டேன். பிள்ளைகளை நான் இறக்குகிறேன், அவர் இருக்கையிலேயே இருக்கட்டும் என்று ஏற்பாடு. வாயாடி அன்றைக்கு அவர் பின்னால் உட்காரவில்லை. கடைசி வரிசையிலிருந்து கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அப்படிப் பாக்கறே?" என்றேன்.

"உள்ள அது என்ன பண்ணுதுன்னு தெரியலையே."

அதைக் கேட்டதும் அவர் கையுறையைக் கழற்றிவிட்டார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல்பக்கத்தில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்து ஓட்டினார். என் கையைப் பிடித்து இறங்கிய பிள்ளைகள்கூட, இறங்கும்போது ஒரு கண்ணால் முன் இருக்கையைப் பார்த்துக்கொண்டுதான் இறங்கினார்கள்.

மறுநாள் அவரே ஒன்று செய்தார். பிள்ளைகள் ஏறியதும் திரும்பி உட்கார்ந்து, "இங்க பாருங்க, இது வராது. எப்பவும் வராது. மாமா இழுத்துக் காட்டறேன்" என்று இடது கையால் அந்த மடங்கிய விரல்களைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தார். முகம் சிவக்க இழுத்தார். வேன் அலறியது. "எழுப்பாதீங்க மாமா, எழுப்பாதீங்க மாமா" என்று ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்தியது. நான் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

அம்மாக்களின் குழுவில் செய்திகள் வேறு மாதிரி வர ஆரம்பித்தன. எல்லாம் மரியாதையானவை. "மாமா, தப்பா நினைக்காதீங்க, இன்னிக்கு நாங்களே கொண்டு விட்டுடறோம்." "மாமா, குழந்தைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு." ஒரு அப்பா நேரில் வந்தார். பையனை வேனில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டு, போகும்போது, "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? கையை அப்படி வைங்க, அதே மாதிரி" என்று கேட்டார். இவர் வைத்தார். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வராது.

தொடர்க்காரர்களைப் போய்ப் பார்ப்பது என்று இருவரும் பஸ் ஏறினோம். டைரக்டர் தம்பி நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். நல்ல பிள்ளைதான்.

"ரெஸ்பான்ஸ் பிச்சிக்கிச்சு அண்ணே. எங்க போனாலும் உங்க கையைப் பத்தித்தான் பேச்சு. இன்னும் நாலு எபிசோடுக்கு நீங்க வரணும்."

இவர் விஷயத்தைச் சொன்னார். அந்த விரல் அசைகிற இடத்தை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். தம்பி டீயைக் கீழே வைத்தார்.

"அண்ணே, அதை டைட்டில்லயே போட்டாச்சு. இனிமே தினமும் வரும்."

"அது என் கை தம்பி."

"ஆமாண்ணே. அதனாலதான் அவ்ளோ நல்லா வந்திருக்கு."

அதன் பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டோ என்னவோ, எழுந்து போய் யாரிடமோ போனில் பேசினார். நெடுநேரம் பேசினார். திரும்பி வந்து, "சேனல்ல முடியாதுங்கறாங்க அண்ணே. என் கையில ஒண்ணுமே இல்லை" என்றார். போகும்போது இவருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்தினார். என்னைத் தவிர அந்த நாட்களில் அந்தக் கையைத் தொட்டவர் அவர் ஒருவர்தான்.

வேனில் பாதி இருக்கை காலியானதும் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். நானும் போயிருந்தேன், அலுவலக வாசலில் நின்றேன்.

"வேனைக் குடுத்தது நான்தான் அண்ணே. எனக்குத் தெரியாதா? உங்க மேல ஒரு தப்பும் இல்லை. ஆனா பிள்ளைங்க அழுதா நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க."

"அதுங்க அழக் கூடாது சார்" என்றார் இவர்.

"வேலை போகலை. பின்னால மோட்டார் ரூமைப் பாத்துக்குங்க. தண்ணி ஏத்தறது, குழாய் பாக்கறது. அந்தப் பக்கம் பிள்ளைங்க வராது. வேன் மட்டும்தான்…"

வேன் மட்டும்தான் என்று அவர் எவ்வளவு லேசாகச் சொன்னார். இவர் சரிங்க சார் என்றார். புது டிரைவர் இளவட்டம். சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, கீழ்ப்படி உயரம். நீங்க பிடிக்காதீங்க, பிள்ளைங்க உங்களைப் பிடிக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தார். அவன் போனைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

இப்போது அவர் மோட்டார் அறையில் இருக்கிறார். காலை மணி அடிப்பதற்கு முன் உள்ளே போனால், வேன்கள் கிளம்பிப் போன பிறகுதான் வெளியே வருகிறார். வலது கை மறுபடியும் சட்டைப் பைக்குள் போய்விட்டது. வீட்டிலும் எடுப்பதில்லை. ஏழரை மணிக்கு மேல்வீட்டில் தொடரின் பாட்டு ஆரம்பித்தால் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிறார். இடது கையால் கழுவுகிறார். அழுக்குப் போகவில்லை என்று நான் சொல்வதில்லை.

நானும் தினமும் விளக்கு வைத்து முன்னால் உட்காருகிறேன். அவர் கையைப் பார்த்து நாலு பேர் பேசவேண்டும் என்று கேட்டது நான்தான். கடவுள் கொடுத்துவிட்டார். கொடுத்ததை எப்படித் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து வருகிறேன்.

நேற்று ஒன்று நடந்தது. பள்ளி விட்ட நேரத்தில் வாயாடி கூட்டத்தை விட்டு விலகி மோட்டார் அறைப் பக்கம் வந்திருக்கிறாள். உள்ளே வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறாள்.

"மாமா, அதுங்க ரெண்டும் இப்பத் தூங்குதா?"

இவர் பையிலிருந்து கையை எடுத்துக் காட்டியிருக்கிறார். "தூங்குதும்மா. பாரு."

அவள் அங்கிருந்தே தலையைச் சாய்த்துப் பார்த்திருக்கிறாள். "டிவியில தினமும் முழிச்சிக்குதே."

"அது வேற கைம்மா."

"பொய் சொல்லாதீங்க. அது உங்க கைதான். எனக்குத் தெரியும்."

இவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"புது மாமா கையைப் பிடிச்சுத் தூக்கறாரு. தோள் வலிக்குது" என்றாளாம். பிறகு, "அதுங்க நல்லாத் தூங்கின பிறகு எனக்குச் சொல்லுங்க மாமா. நான் வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாளாம்.

சாப்பிடும்போது இதை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு, வலது கையை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மடங்கிய இரண்டு விரல்களையும் நாங்கள் இருவரும் பார்த்தோம்.

"அசையாம இருந்தாத்தானே தூங்குதுன்னு அர்த்தம்?" என்றார். "இது அசையவே இல்லையே. அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் அசையவே இல்லையே. இதுக்கு மேல அவளுக்கு நான் எப்படிக் காட்டறது, நீயே சொல்லு."

தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். மேல்வீட்டில் தொடரின் பாட்டு ஆரம்பித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவையும் எங்கே அசைந்துவிடுமோ என்பது போல.